பூங்காவில் மேயும் மாடுகளால் சாலையில் நேரும் விபத்துகளைத் தடுப்பது எப்படி?

பூங்காவுக்குள் நின்று புல் மேயும் மாட்டினால் வாகன ஓட்டிக்கு எந்த இடையூறும் இல்லை. அது உள்ளே நுழையும்போதும், வெளியே வரும்போதும், வயிறு நிறைந்த பின் படுத்து அசை போட இடம் தேடும்போதும்தான் சாலைக்கு வருகிறது. வட சென்னையின் மாநகராட்சிப் பூங்காக்களில் பல, குடியிருப்புத் தெருவை ஒட்டியே வாசல் வைத்துக் கட்டப்பட்டவை. அதனால் வாசலுக்கும் எதிர்ப்புற வீட்டுக்கும் இடைப்பட்ட சில அடி அகலமே விபத்து நடக்கும் களமாகிவிடுகிறது. எந்த வாசல், எந்த நேரம், யாருடைய மாடு என்ற மூன்றுக்கும் விடை தெரிந்துவிட்டால், அந்தச் சில அடிகளைப் பாதுகாப்பானவையாக மாற்றுவது ஒரு குடியிருப்போர் நலச்சங்கத்தால் செய்யக்கூடிய வேலைதான்.

இப்பகுதிக்கென்று சில கூடுதல் இக்கட்டுகள் உண்டு. திருவொற்றியூர், எண்ணூர், மணலிப் பக்கம் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ஓயாமல் ஓடுகின்றன. அவ்வளவு பாரத்தோடு வரும் வண்டியால் சட்டென்று நிற்க முடியாது. அதன் பின்னால் ஒட்டி வரும் இருசக்கர வாகன ஓட்டிக்கோ, லாரி விலகும்வரை முன்னே மாடு நிற்பதே தெரியாது. வியாசர்பாடி, கொடுங்கையூர், தண்டையார்பேட்டை உட்தெருக்களில் வேகம் குறைவு என்றாலும் இடம் குறைவு; ஷேர் ஆட்டோ ஒருபுறம், நிறுத்தி வைத்த வண்டிகள் மறுபுறம் என்றிருக்கையில் நடுவில் வரும் மாடு ஒதுங்குவதற்கு வழியே இருக்காது.

மாட்டின் நடமாட்டத்தைக் குறித்து வையுங்கள்

சாலையில் திரியும் மாடுகளில் பெரும்பாலானவற்றுக்கு உரிமையாளர் இருக்கிறார். விடியலுக்கு முன் ஒருமுறையும் பிற்பகலில் ஒருமுறையும் பால் கறந்துவிட்டு, இடைப்பட்ட நேரத்தில் தீவனச் செலவை மிச்சப்படுத்த அவிழ்த்துவிடுகிறார்கள். கறவை நேரம் நெருங்கியதும் மடி கனத்த மாடு தானாகவே வீடு திரும்பும். ஆகவே அதன் போக்குவரத்து ஏறத்தாழ ஒரே நேரத்தில், ஒரே வழியில் நிகழ்கிறது. ஒரு வாரம் போல இரண்டு மூன்று பேர் முறை வைத்துக்கொண்டு இதைக் கவனித்துக் குறித்தால், பிறகு செய்ய வேண்டிய எல்லாவற்றுக்கும் அந்தக் குறிப்பே அடிப்படையாகும்.

குறிக்க வேண்டியவை எளியவைதாம்: எந்த வாசல் அல்லது சுவர் உடைப்பு வழியாக வந்தன, எத்தனை மணிக்கு, எத்தனை மாடுகள், கன்று உடன் வந்ததா, கொம்புக்கு என்ன நிறச் சாயம், கழுத்துக் கயிறோ மணியோ உண்டா என்பன. காதில் மஞ்சள் வில்லை இருந்தால் அதிலுள்ள 12 இலக்க எண்ணைத் தொலைவிலிருந்தே கைப்பேசியில் பெரிதாக்கிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உரிமையாளர் யார் என்ற விவாதம் பின்னர் எழும்போது அந்த எண் கைகொடுக்கும். விடியற்காலையில் சாலையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒரே இடத்தில் சாணம் குவியலாகக் கிடந்து, அதைச் சுற்றித் தார்ச்சாலையில் சிறுநீர்க் கறை படிந்திருந்தால், அதுதான் இரவில் மாடுகள் படுக்கும் இடம். பெரும்பாலும் அது பூங்கா வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில், தெருவிளக்கு எரியாத பகுதியாக இருக்கும்.

மாடுகள் ஏன் தார்ச்சாலையில் போய்ப் படுக்கின்றன என்று கேட்பவர்கள் உண்டு. பகல் வெயிலை வாங்கிய தார் இரவில் வெதுவெதுப்பாக இருக்கிறது. வாகனங்கள் கிளப்பும் காற்றில் ஈயும் கொசுவும் அண்டுவதில்லை. மழைக்காலத்தில் பூங்காத் தரை சொதசொதவென்று ஊறிக் கிடக்கையில் சாலை மட்டுமே ஈரம் வடிந்த மேட்டு நிலமாக இருக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்தச் சிக்கல் கூடுவதற்குக் காரணம் இதுவே.

வாசலைச் சரிசெய்வது

என் கருத்தில், ஒரு சங்கம் தன் முயற்சியில் பெரும்பகுதியைச் செலவிட வேண்டிய இடம் இதுதான். மாட்டைப் பிடித்துச் செல்லும் வண்டி வந்து போன மறுவாரமே இன்னொரு மாடு வரும்; வாசல் அடைபட்டால் அது வராது.

வெளியே வரும் மாட்டைச் சற்று நெருக்கமாகக் கவனித்தால் வாசல் எப்படி இருக்க வேண்டும் என்பது விளங்கும். வாசலைத் தாண்டியதும் மழைநீர் வடிகாலின் இரும்புக் கம்பி மூடியைக் கண்டு அது நிற்கிறது. தலையைத் தாழ்த்தி முகர்கிறது. ஒரு முன்னங்காலைத் தூக்கி, கம்பியின் மேல் வைக்காமல் மீண்டும் பின்னால் வைக்கிறது. அதற்குள் பின்னே வரும் மாடு விலாவில் முட்ட, முன்னது கம்பி மூடியை ஒரே தாவாகத் தாவி, அடுத்த எட்டில் சாலையின் நடுவுக்கு வந்துவிடுகிறது. நின்று யோசித்த மாட்டைக் கண்டு 'நின்றுவிட்டது, போகலாம்' என்று வேகம் கொடுத்த ஓட்டி மோதுவது அந்த நொடியில்தான். தரையின் நிறமோ தன்மையோ சட்டென்று மாறும் இடத்தில் மாடு தயங்கும், தயங்கியபின் பாயும். இது அதன் இயல்பு.

ஆகவே மாட்டைத் தடுக்கக் கம்பித் தளம் (இடைவெளி விட்டுக் கம்பிகள் பதித்த தரை) போடுவதானால், மாடு தாவிக் கடக்க முடியாத அகலத்துக்கு, வாசலின் உட்புறத்தில் போடவேண்டும். நடைபாதை ஓரத்தில் ஒடுக்கமாகப் போட்டால் மேலே சொன்ன பாய்ச்சலுக்கே அது வழிவகுக்கும். செலவு குறைந்த வேறொரு வழி, நேராகச் செல்லும் வாசலை மடக்கி அமைப்பது. குழாய்க் கம்பிகளால் செங்கோணத்தில் இரு திருப்பங்கள் வைத்த ஒடுக்கமான வழியில் மனிதர் எளிதாகப் போய்விடுவார். ஏறக்குறைய 2 மீட்டர் நீள உடம்பை வளைக்க முடியாத மாடு முதல் திருப்பத்திலேயே நின்றுவிடும். சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் குழந்தை வண்டி தள்ளி வருபவர்களுக்கும் இந்த மடக்கு வழி உதவாது என்பதால், அருகிலேயே அகலமான தனிக்கதவு ஒன்று இருந்தாக வேண்டும். அதன் தாழ்ப்பாள் தரைக் குழிக்குள் இறங்குவதாக இருக்கட்டும். சும்மா கொக்கி மாட்டி வைத்தால் கொம்பால் நெம்பித் திறக்க மாடுகள் விரைவிலேயே பழகிக்கொள்கின்றன.

சுற்றுச்சுவர் இடிந்த இடத்தில் முள்கம்பி கட்டுவது பலர் உடனடியாகச் செய்யும் காரியம். அங்கே விளையாடும் பிள்ளைகளுக்கும் மாட்டுக்கும் ஒருசேரக் காயம் உண்டாக்குவதைத் தவிர அதனால் பயன் இல்லை. உயிர்வேலி வைக்க எண்ணினால், ஆடும் மாடும் வாய் வைக்காத ஆடாதொடையும் நொச்சியும் ஏற்றவை. அரளியை நட்டுவிடாதீர்கள், அதன் இலை மாட்டுக்குக் கொடிய நஞ்சு. எந்தச் செடியானாலும் வாசலின் இருபுறமும் சில மீட்டர் தூரத்துக்கு முழங்கால் உயரத்துக்கு மேல் வளரவிடக் கூடாது. புதருக்குப் பின்னாலிருந்து வெளிப்படும் மாட்டையோ குழந்தையையோ பார்த்து நிறுத்த ஓட்டிக்கு நேரம் வேண்டும்.

பலரும் கவனிக்காத ஒன்று, வெட்டிய புல். பூங்காப் புல்லைச் செதுக்கிய பின், அதை வாசலுக்கு வெளியே குப்பைத் தொட்டி ஓரமாகக் குவித்து வைத்தால், உள்ளே மேயும் மாட்டையும் அது சாலைக்கு இழுத்து வந்துவிடும். குவியலை அன்றே அகற்ற வேண்டும். நெகிழித் துண்டுகளைப் பொறுக்கி நீக்கிவிட்டு அருகிலுள்ள மாட்டுக்கொட்டகைக்கே கொடுத்துவிட்டால் இரு தரப்புக்கும் நல்லது.

அகத்திக்கீரையும் அமாவாசையும்

அமாவாசையன்றும் வெள்ளிக்கிழமைகளிலும் மாட்டுக்கு அகத்திக்கீரையும் வாழைப்பழமும் கொடுப்பது நம் குடும்பங்களில் நெடுநாள் வழக்கம். இதைக் குற்றமாகப் பேசினால் யாரும் காது கொடுக்கமாட்டார்கள், பேசவும் வேண்டியதில்லை. ஆனால் பூங்கா வாசலில், சாலை ஓரத்தில் நின்று கொடுக்கும்போது, அதே இடத்தில் அதே நேரத்துக்கு மாடு மறுநாளும் வந்து காத்திருக்கும். கீரைக்கட்டோடு யாராவது எதிர்ச்சாரியில் தென்பட்டால் வண்டிகளைப் பாராமல் குறுக்கே நடக்கும். 'அம்மா, கொட்டகையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தால் மாட்டுக்கும் பத்திரம், உங்களுக்கும் பத்திரம்' என்று வயதில் மூத்த பெண்மணி ஒருவரைக் கொண்டு சொல்லச் செய்யுங்கள். இளைஞர்கள் அறிவிப்புப் பலகை வைத்துச் சொல்வதைவிட அது விரைவில் ஏறும்.

பண்டிகை நாள்களுக்கு அடுத்த நாள் தனிக் கவனம் தேவை. ஆயுதபூசை முடிந்ததும் கடை வாசல்களில் கட்டிய வாழைக்கன்றுகளும், நடுரோட்டில் உடைத்த பூசணிக்காய்களும் மாடுகளைச் சாலைக்கு இழுக்கும். பூசணிச் சதையில் இருசக்கர வாகனம் வழுக்குவது இன்னொரு பக்கம். பொங்கலுக்குப் பின் கரும்புத் தோகை கிடக்கும் இடங்களும் இப்படித்தான். அதற்கு முந்திய போகியன்று விடியற்காலையில் புகையும் பனியும் கலந்து பார்வையை மறைக்கும்போது, கறவை முடிந்து அவிழ்த்துவிடப்பட்ட மாடுகள் சாலையில் இருக்கும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

உரிமையாளரிடம் பேசுவது

'நம்ம மாடு சாதுண்ணா, தானா போயிட்டுத் தானா வந்துடும்' என்பதே பெரும்பாலும் வரும் பதில். மாட்டின் குணத்தைப் பற்றி அவரோடு வழக்காட வேண்டாம். மாடு அடிபட்டால் அவருக்கு ஆகும் நட்டம், பிடிபட்டால் கட்ட வேண்டிய தொகை, பிறருக்குக் காயம் ஏற்பட்டால் வரும் வழக்கு ஆகிய மூன்றையும் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். சாலையில் திரியும் மாட்டைப் பிடித்தால் முதல் முறை 10,000 ரூபாயும் மறுமுறை 15,000 ரூபாயும் என்று மாநகராட்சி 2024-இல் அபராதத்தை உயர்த்தியது. மூன்றாம் நாளிலிருந்து பராமரிப்புச் செலவாக நாளொன்றுக்கு 1,000 ரூபாய் தனி. கால்நடையை அலட்சியமாக விட்டு மனித உயிருக்கு ஆபத்து விளைவித்தால், குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். நகரப் பகுதியில் கால்நடை வளர்க்க உரிமம் பெறவேண்டும் என்பது 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புறக் கால்நடைகள், பறவைகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் ஏற்பாடு.

மிரட்டலோடு நிறுத்திவிட்டால் பேச்சு நிலைக்காது. இரண்டு மாடு வைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு இடம்தான் உண்மையான தடை. வீட்டு வாசலில் கட்டினால் பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருகிறார்கள். குறைந்த வாடகைக்கு மாடுகளைக் கட்டிவைக்க மாநகராட்சி கொட்டகைகள் அமைத்து வருகிறது. ராயபுரம் மண்டலத்தில் பேசின் பிரிட்ஜ் சாலையில் கட்டியது அதில் ஒன்று. அதில் இடம் கிடைக்குமா என்று விசாரிக்க உரிமையாளரோடு கூடவே மண்டல அலுவலகத்துக்குச் சென்று வருவது, பத்து புகார்களைவிடப் பயன் தரும். அதுவரைக்கும், இரவில் ஒளியைத் திருப்பி வீசும் பட்டையைக் கழுத்துக் கயிற்றில் தைத்துக் கொடுங்கள். வாகனங்களுக்கு ஒட்டும் ஸ்டிக்கரைக் கொம்பில் ஒட்டுவார்கள். மாடு மரத்தில் கொம்பு தேய்க்கும்போது அது உரிந்துவிடும். எருமைக்கு இந்தப் பட்டை மிகவும் அவசியம், ஏனெனில் கருத்த உடம்பு கருத்த சாலையில் முகப்பு விளக்கு வெளிச்சத்திலும் எடுபடுவதில்லை.

புகார் செய்யும் முறை

1913 என்ற மாநகராட்சி எண்ணிலோ 'நம்ம சென்னை' செயலியிலோ புகார் பதியலாம். 'எங்கள் பகுதியில் மாட்டுத் தொல்லை' என்று பொதுவாகச் சொல்லாமல், நீங்கள் குறித்து வைத்த நேரத்தையும் வாசலையும் சொல்லுங்கள். மாடு பிடிக்கும் வண்டி நண்பகலில் வந்து வெறும் பூங்காவைப் பார்த்துவிட்டுத் திரும்புவதால் யாருக்கும் பயனில்லை. தெருவிளக்கு எரியாததைத் தனிப் புகாராக, கம்பத்தில் எழுதியுள்ள எண்ணோடு பதியுங்கள். இரண்டையும் ஒன்றாகச் சொன்னால் ஒன்று விடுபட்டுப்போகும். வேகத்தடை, எச்சரிக்கைப் பலகை ஆகியவற்றுக்குப் பகுதிப் போக்குவரத்துக் காவல் நிலையத்துக்கும் மண்டல அலுவலகத்துக்கும் எழுத்துவடிவில் மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கி வையுங்கள்.

மாடுகளைத் தாமாகவே கல்லெறிந்தோ பட்டாசு கொளுத்தியோ விரட்டுவது கூடாது. பூங்காவிலிருந்து மிரண்டு ஓடும் மாட்டுக்குச் சாலையைத் தவிர வேறு வழி இல்லை. 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி அது குற்றமும்கூட.

வண்டி ஓட்டுபவரும் நடப்பவரும்

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி நொடிக்கு 11 மீட்டர் கடக்கிறது. மாட்டைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி ஆகும் என்று கொண்டால், அதற்குள் 16 மீட்டருக்கு மேல் போய்விடும். உலர்ந்த சாலையில் வண்டி நிற்க மேலும் ஏறத்தாழ 10 மீட்டர். 60 கிலோமீட்டர் வேகத்தில் மொத்தம் 50 மீட்டரை நெருங்கும். மழையில், சாணம் கரைந்து பரவிய சாலையில், இதைவிட அதிகம். படுத்திருக்கும் மாடு தலையை மறுபக்கம் திருப்பியிருந்தால் கண் மினுங்குவதும் தெரியாது. பூங்காவை ஒட்டிய தெருவில் இரவில் 30-க்கு மேல் போகாமலிருப்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

நின்றிருக்கும் மாட்டை எந்தப் பக்கமாகக் கடப்பது என்பதிலும் ஒரு முறை உண்டு. மாடு முன்னோக்கித்தான் நகரும் என்பதால், இடம் இருக்குமானால் அதன் வால் பக்கமாக, உதைக்கு எட்டாத இடைவெளி விட்டுக் கடப்பது நல்லது. அதன் கண்கள் பக்கவாட்டில் அமைந்திருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் பார்வை உண்டு; நேர் பின்னால் மட்டும் தெரியாது. சத்தமில்லாமல் அந்தப் பக்கம் ஒட்டிச் சென்றால் திடுக்கிட்டுத் திரும்பும். தொலைவிலேயே ஒருமுறை மெதுவாக ஹாரன் அடித்து, அருகில் போனதும் அடிக்காமல் இருப்பது உத்தமம். ஒரு மாடு கடந்துவிட்டதென்று உடனே கிளம்பிவிடாதீர்கள், கூட்டத்தில் மற்றவை அதைத் தொடரும். தாய் ஒருபுறமும் கன்று மறுபுறமும் நின்றால் வண்டியை நிறுத்தியே ஆகவேண்டும். எந்த நொடியிலும் ஒன்று மற்றொன்றை நோக்கி ஓடும்.

நடைப்பயிற்சிக்குச் செல்வோரும் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் செல்வோரும் கன்று ஈன்ற மாட்டிடமிருந்து விலகி நடக்க வேண்டும். 2024 ஜூனில் திருவொற்றியூரில் எருமை ஒன்று ஒரு பெண்ணைக் கொம்பில் மாட்டி இழுத்துச் சென்ற சம்பவத்தை இப்பகுதியினர் மறந்திருக்க முடியாது. மாடு தலையைத் தாழ்த்தி, காலால் தரையைப் பறித்து, மூச்சைச் சீறி விட்டால், முதுகைக் காட்டி ஓடாமல், அதைப் பார்த்தபடியே பின்வாங்கி, நிறுத்தியிருக்கும் வண்டிக்கோ மரத்துக்கோ பின்னால் போய்விடுங்கள். கீரையோ உணவுப் பையோ கையில் இருந்தால் அதைக் கீழே போட்டுவிடுவதே சரி.

விபத்து நேர்ந்துவிட்டால்

வண்டியை ஓரம் கட்டி, நான்கு முனை விளக்குகளையும் மினுக்கவிட்டு, பின்னால் வருபவர்களை எச்சரிக்க ஒருவரை நிறுத்துங்கள். விழுந்த மாட்டின் மேல் அடுத்த வண்டி ஏறுவது இரவில் எளிதாக நடந்துவிடும். காயமடைந்தவருக்கு 108-ஐயும், காவல்துறைக்கு 112-ஐயும் அழையுங்கள். 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அரசு மருத்துவமனைகளோடு, திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளும் அளிக்கின்றன. வட சென்னையினருக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை அருகில் இருக்கிறது. உதவ முன்வருபவரைச் சாட்சி சொல்ல வற்புறுத்தவோ வழக்கில் இழுக்கவோ முடியாதபடி மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு பாதுகாப்பு தருகிறது என்பதை, தயங்கி நிற்பவர்களிடம் சொல்லுங்கள்.

அடிபட்ட மாட்டுக்கு 1962 என்ற கால்நடை மருத்துவ உதவி எண் உண்டு. காலொடிந்த மாட்டைப் பத்து பேர் சேர்ந்து தூக்கி நிறுத்த முயன்றால் மாட்டுக்கும் கேடு, தூக்குபவர்களுக்கும் உதை. தலைப்பக்கம் ஒருவர் மட்டும் நின்று, கண்ணின் மேல் துணியைப் போட்டுவைத்தால் அது அமைதியடையும்.

மாட்டை அப்புறப்படுத்துமுன், அதன் காது வில்லை, கொம்பின் நிறம், வண்டி நின்ற நிலை, சாலையில் டயர் இழுபட்ட தடம், எரியாத விளக்குக் கம்பம் ஆகியவற்றைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எதிர்க் கடைகளின் கண்காணிப்புக் கேமராப் பதிவு சில நாள்களில் அழிந்துவிடக்கூடும் என்பதால், அன்றே கடைக்காரரிடம் சொல்லிச் சேமித்து வைக்கச் செய்யுங்கள். வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் மாட்டின் மேல் மோதியதில் உங்கள் வண்டிக்கு ஏற்பட்ட சேதத்துக்குப் பணம் கிடைக்காது. முழுக் காப்பீடு இருந்தால் கிடைக்கும், ஆனால் வண்டியைப் பழுதுபார்க்க விடுவதற்கு முன்பே நிறுவனத்துக்குத் தெரிவித்திருக்க வேண்டும். காவல் நிலையத்தில் கொடுக்கும் புகாரில் விபத்து நடந்த இடத்தைத் தெருப்பெயரோடு நிறுத்திவிடாமல், பூங்காவின் எந்த வாசலிலிருந்து எத்தனை அடி தூரம் என்றும் எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி இருக்கும் மனுவின் நகலை மண்டல அலுவலகத்தில் முன்பு கொடுத்த மனுவோடு இணைத்துக் கொடுத்தால், வாசலை மாற்றிக் கட்டும் கோரிக்கைக்கு அதைவிட வலுவான ஆவணம் வேறு இருக்காது.